அத்தி காயும் ஊரில் ஒரு கோட்டாற்றுக்காரன்

நான் துருக்கிக்குப் போனதற்கு என் திறமை காரணமல்ல. முதலாளியின் மூத்த மகனுக்குக் கப்பல் என்று சொன்னாலே வாந்தி வரும். இளைய மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கடையில் மீதியிருந்தவர்களில் ஹிந்துஸ்தானியும் அரைகுறை இங்கிலீஷும் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சின்ன வயதில் பம்பாய்க் கிட்டங்கி ஒன்றில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்ததில் கிடைத்த படிப்பு அது.

முதலாளிக்குக் கோட்டாற்றில் மலஞ்சரக்கு வியாபாரம். மலையிலிருந்து இறங்கும் மிளகும் சுக்கும் ஏலமும் அவர் கிட்டங்கி வழியாகத்தான் வெளியே போகும். துருக்கியில் ஸ்மிர்னாத் துறைமுகத்திலிருக்கும் நூரி எஃபெந்தி என்ற மொத்த வியாபாரி, தரகர் இல்லாமல் நேரே சரக்கெடுக்க விரும்புவதாகத் தகவல் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“ஓய் காதரே, நீரு துருக்கித் தொப்பி வச்ச ஆளுல்லா? அவனுவளுக்கும் உமக்கும் ஒத்துப் போவும். மாதிரிச் சரக்கக் காட்டி, ஆளு எப்படின்னும் பாத்துட்டு வாரும்.”

தொப்பியை நம்பி ஒரு மனிதனைக் கடல்கடந்து அனுப்பினாரே என்று அவரைக் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் வேறு தகுதி இருப்பதாக எனக்கே தோன்றவில்லை. சிவப்புத் துருக்கித் தொப்பியும் அதில் ஆடும் கறுப்புக் குஞ்சலமுமாகக் கடைத்தெருவில் நடக்கும்போது என் உயரம் ஒரு சாண் கூடிவிடும். துருக்கியைப் பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன். அந்த நாட்டு அரண்மனை, பட்டாளம், பள்ளிவாசல், சாப்பாடு எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை என்பது பதில் சொல்வதற்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

புறப்படும்போது என் மனைவி கதீஜா கேட்டாள்: “அங்ஙன சோறு கிடைக்குமா?”

“என்னட்டி இப்படிக் கேக்க? சுல்தான்மாரு ஆண்ட தேசமாக்கும். மூணு நேரமும் நெய்ச்சோறுதான்.”

“அப்பம் கருவாடு வேண்டாமா?”

“வேண்டாம். மானத்த வாங்காத.”

சரி என்று தலையாட்டினாள். தலையாட்டிவிட்டுக் குளச்சல் நெத்திலிக் கருவாட்டை ஒரு தகர டப்பாவில் அடைத்துப் பெட்டியின் அடியில் என் வேட்டிகளுக்குள் வைத்துவிட்டாள்.

கப்பலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதலாளி மகனைப் பற்றி அதற்குமுன் ஏளனமாகப் பேசியதையெல்லாம் ஏடன் தாண்டுவதற்குள் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஸ்மிர்னாக் கரை தெரிந்ததும் புதுத் தொப்பியை எடுத்துத் தூசு தட்டி, குஞ்சலத்தைச் சீவி, தலையில் வைத்துக்கொண்டு மேல்தட்டில் நின்றேன். என் சொந்தபந்தங்களின் தேசத்துக்கு வந்துசேர்ந்துவிட்ட நினைப்பு. கப்பல் நெருங்க நெருங்கத்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. கரையில் அவ்வளவு கூட்டம். ஒரு தலையில்கூடத் துருக்கித் தொப்பி இல்லை. மூட்டை சுமக்கிறவன் முதல் கனவான்கள் வரை எல்லாரும் வெள்ளைக்காரத் தொப்பியோ, நெற்றிக்கு மேல் விளிம்பு நீட்டிய துணித் தொப்பியோ போட்டிருந்தார்கள்.

இறங்கிப் பத்தடி நடந்திருப்பேன். ஒரு போலீஸ்காரர் வந்து என் குஞ்சலத்தை விரலால் சுட்டினார். அழகாக இருக்கிறது என்கிறாராக்கும் என்று நினைத்துச் சலாம் சொன்னேன். அவர் என் முழங்கையைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். அங்கே இங்கிலீஷ் பேசும் அதிகாரி ஒருவர் இருந்தார்.

“இதை எங்கே வாங்கினீர்?”

“கோட்டாற்றில்.”

“அங்கே இதற்கு என்ன பெயர்?”

“துருக்கித் தொப்பி” என்றேன்.

அவர் மீசைக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிறிது நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு விளக்கினார். இந்தத் தேசத்தில் அதைப் போடக் கூடாதென்று சட்டம் வந்து வருஷங்கள் ஆகின்றன. நான் அந்நியன் என்பதால் தண்டனையில்லை. பெட்டிக்குள் வைத்துவிட்டால் போதும். துருக்கித் தொப்பி போட்டு நடந்தால் போலீஸ் பிடிக்கும் ஒரே ஊரைக் கண்டுபிடிக்க நான் அத்தனை தூரம் கடல்வழியாக வாந்தியெடுத்துக்கொண்டு வந்திருந்தேன். வெளியே வந்ததும் முதல் கடையில் விளிம்பு நீட்டிய துணித் தொப்பி ஒன்று வாங்கினேன். கண்ணாடியில் பார்த்தால் குதிரை வண்டிக்காரன் போலிருந்தது.

நூரி எஃபெந்தியின் கடையில் அவர் இல்லை. அத்திப்பழம் காயப்போடும் பருவம். அதோடு மகளுக்குக் கல்யாணம். இரண்டுக்குமாகத் தம் ஊருக்குப் போயிருந்தார். ஹிந்துஸ்தான் விருந்தாளி வந்தால் ஊருக்கே அனுப்பிவிடு என்று சொல்லிவைத்திருந்தாராம். குமாஸ்தா மறுநாள் காலையில் என்னை ரயிலேற்றிவிட்டார்.

அந்த ரயிலில்தான் கதீஜாவின் டப்பா திறந்துகொண்டது. எப்படித் திறந்தது என்று தெரியவில்லை. ரயில்பெட்டி நிறைய ஆட்கள், ஆகஸ்டு மாத வெயில். முதலில் எதிரே இருந்த அம்மாள் தன் கூடையை முகர்ந்து பார்த்தாள். பிறகு தன் பிள்ளையை முகர்ந்தாள். ஒருவர் குனிந்து பெஞ்சுக்கு அடியில் எது செத்துக் கிடக்கிறது என்று தேடினார். நானும் அவரோடு சேர்ந்து குனிந்து மும்முரமாகத் தேடினேன். அடுத்த ஸ்டேஷனில் பாதிப் பேர் வேறு பெட்டிக்கு மாறினார்கள். கால் நீட்டி உட்கார இடம் கிடைத்தது. வீட்டைவிட்டுப் புறப்பட்ட பிறகு என் மூக்குக்குக் கிடைத்த முதல் சந்தோஷமும் அதுதான்.

இறங்கிய ஸ்டேஷன் சின்னது. ஒரு வேப்பமரம் நின்றால் நம் பக்கத்து ஸ்டேஷன் என்றே சொல்லலாம். ஒரு பெரிய கழுதையின் கயிற்றைப் பிடித்தபடி நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் நின்றான். என்னைப் பார்த்ததும் முகம் மலர, வலது கையை நெஞ்சில் வைத்து, நன்றாகக் குனிந்து, கணீரென்ற குரலில் சொன்னான்:

“வாடா களவாணிப் பயலே! சோறு தின்னியாடா?”

கையிலிருந்த பெட்டி நழுவிவிட்டது. வீட்டைவிட்டு வந்தபிறகு என் காதில் விழுந்த முதல் தமிழ். சிரிப்பதா, கோபப்படுவதா, அவனைக் கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன். “தின்னேன்” என்று மட்டும் வாயில் வந்தது. அவன் மறுபடியும் மரியாதையாகக் குனிந்தான்.

அவன் பெயர் இஸ்மாயில். நூரி எஃபெந்தியின் தோட்டத்தில் வேலை பார்ப்பவன். உலக யுத்தத்தில் இங்கிலீஷ்காரர்கள் அவனைப் பாலைவனத்தில் சிறைபிடித்து பர்மாவுக்குக் கொண்டுபோய் முகாமில் அடைத்திருக்கிறார்கள். காவலுக்கு நின்ற சிப்பாய்களிடம் ஹிந்துஸ்தானி கற்றுக்கொண்டான். முகாமின் முள்வேலிக்கு வெளியே நம் தமிழ்க் கூலிகள் ரஸ்தா போட்டுக்கொண்டிருந்தார்களாம். அவர்களுடைய மேஸ்திரி தினம் காலையில் ஒவ்வொரு கூலியாகப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். “உங்கள் ஊர்ச் சலாம் எவ்வளவு நீளம்! நாங்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம்” என்றான் ஹிந்துஸ்தானியில். அர்த்தத்தைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஊருக்கு வண்டி வரவேண்டியதாம்; அச்சு முறிந்துவிட்டதாம். ஆகவே கழுதை. எங்கள் பக்கத்தில் ஒருவனைக் கழுதைமேல் ஏற்றினால் அதற்குமுன் தலையை மொட்டையடித்துக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தியிருப்பார்கள். கோட்டாற்றுக்காரர் எவரும் அந்தத் திசையில் இல்லை என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டு ஏறினேன். கொஞ்ச தூரத்தில் அது ஓடையைக் கண்டு நின்றது. இஸ்மாயில் கத்தினான், நான் கெஞ்சினேன். பிறகு எங்கள் இருவரிடமும் சொல்லாமல் ஒரே தாவாகத் தாவியது. நான் தாவவில்லை. ஓடையில் தண்ணீர் குறைவு, சேறு அதிகம்.

அந்தக் கோலத்தில்தான் ஊருக்குள் நுழைந்தேன். வழியெங்கும் கோரைப் பாய்களில் அத்திப்பழம் காய்ந்துகொண்டிருந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நெத்திலி காயப்போட்டிருப்பது போலவே வரிசை. வாசனை மட்டும் தேன். ஊர் எல்லையிலேயே நூரி எஃபெந்தி பெரியவர்களோடு காத்திருந்தார். தங்கச் சங்கிலிக் கடிகாரமும் நரைத்த மீசையுமாகக் கம்பீரமான மனிதர். சேற்றோடு நின்ற என்னைப் பார்த்து முகத்தில் ஒரு சுளிப்பும் காட்டாமல், நெஞ்சில் கைவைத்துக் குனிந்து, “வாடா களவாணிப் பயலே” என்றார்.

இஸ்மாயில் ஊருக்கே சொல்லிக்கொடுத்திருந்தான். பின்னால் நின்ற பெரியவர்களும், பள்ளிவாசல் இமாமும், வாசல்களில் நின்ற பெண்களும் ஒவ்வொருவராக எனக்கு அந்த மரியாதையைச் செய்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு பேர் அவ்வளவு அன்போடு என்னை வரவேற்றதில்லை. நானும் நெஞ்சில் கைவைத்து எல்லாருக்கும் குனிந்து, அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

நூரியின் வீட்டில் கல்யாணக் கூட்டம் நிறைந்திருந்ததால் என்னை ஊர் விருந்தறையில் தங்கவைத்தார்கள். அங்கே எல்லாக் கிராமத்திலும் அப்படி ஓர் அறை உண்டாம். வழிப்போக்கன் யார் வந்தாலும் படுக்கை அங்கே. சாப்பாடு முறைவைத்து வீடுகளிலிருந்து வரும். யார், எங்கே போகிறாய், எத்தனை நாள் என்று சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

முதல் தட்டு வந்தது. தரையில் துணி விரித்து, நடுவில் பெரிய வட்டத் தட்டு வைத்து, சுற்றி உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் எல்லாரும் கரண்டி விட்டார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நாலு பேர் ஒரு தாம்பாளத்தில் உண்பதுபோலத்தான். எனக்குக் கூச்சமே இல்லை. ஓரத்தில் ஒரு கிண்ணம் நிறைய ஞாவல்பழம் மின்னியது. இந்த ஊரிலும் ஞாவல்பழமா என்று ஆசையோடு ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டேன். உப்பும் கசப்புமாக எண்ணெய் ஒழுகியது. ஒலிவக்காய். துப்பவும் முடியாது, ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் முட்ட மென்று விழுங்கித் தலையாட்டினேன். விருந்தாளிக்குப் பிடித்துவிட்டது என்று கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவைத்தார்கள். அங்கே இருந்தவரை என் முன்னால் அந்தக் கிண்ணம் காலியாக விடப்படவேயில்லை.

ரொட்டி, தயிர், கத்திரிக்காய், ஆட்டிறைச்சி எல்லாம் வயிறு முட்டத் தின்று ஏப்பம் விட்டேன். அப்போதுதான் இரண்டாவது தட்டு வந்தது. அது அடுத்த வீட்டுத் தட்டு. முறை ஒரு வீட்டுக்குத்தான் என்றாலும், ஹிந்துஸ்தானிலிருந்து வந்தவன் என்பதால் யாருக்கும் பொறுக்கவில்லையாம். அதைத் தொடாவிட்டால் அந்த வீட்டுக்காரர் மனம் வாடும் என்று இஸ்மாயில் காதில் சொன்னான். தொட்டேன். மூன்றாவது வந்தது. சுல்தான் தேசத்து நெய்ச்சோற்றைப் பற்றி வீட்டில் அவ்வளவு பேசியவன், அன்று சுவரில் சாய்ந்தபடி, ஒரு குவளை சுக்குவெள்ளம் தரமாட்டார்களா என்று ஏங்கினேன். பெட்டியில் மாதிரிச் சுக்கு இருந்தது. முதலாளியின் மாதிரிச் சரக்கில் ஒரு பங்கு முதலாளியின் பிரதிநிதி வயிற்றுக்கே போய்ச் சேர்ந்தது.

மறுநாள் விடிந்ததும் பள்ளிவாசலுக்குப் போனேன். புதுத் துணித் தொப்பி தலையில். ஸஜ்தாவுக்கு நெற்றியைத் தரையில் வைக்கப் போனால், முன்னால் நீட்டியிருந்த விளிம்பு தரையில் முட்டி, தொப்பி துள்ளி முன்னே தொழவைத்துக்கொண்டிருந்த இமாமின் குதிகாலில் போய் விழுந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மற்ற எல்லாரும் தொழத் தொடங்கும் முன்பே தொப்பியைத் திருப்பி விளிம்பைப் பிடரிப் பக்கம் வைத்திருந்தார்கள். தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் இமாம் தொப்பியை எடுத்துவந்து, குழந்தைக்குப் போடுவதுபோல என் தலையில் பின்பக்கமாக மாட்டிவிட்டார்.

அன்று கல்யாணம். வாத்தியச் சத்தம் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அச்சு அசலாகத் தவிலும் நாதசுரமும். அவர்களுடைய தவில் பெரிது, நாதசுரம் குட்டை. மற்றபடி கண்ணை மூடினால் சுசீந்திரம் தேர். நான் நீட்டிய மாதிரி மிளகை நூரி எஃபெந்தி விரலால் நசுக்கி முகர்ந்து, சுக்கை உடைத்து நாரைப் பார்த்து, “இதையே அனுப்பச் சொல்” என்று அந்த இரைச்சலுக்கு நடுவே இஸ்மாயில் வாயிலாகச் சொல்லிவிட்டார். வந்த வேலை அவ்வளவு சுருக்காக முடிந்துபோனது. அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த தவறைச் செய்தேன். ஆட வா என்று கையைப் பிடித்து இழுத்தார்கள், போனேன்.

அது மெதுவான ஆட்டம். ஆண்கள் பருந்து மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக யோசித்து வைத்து, திடீரென்று ஒரு முழங்காலைத் தரையில் தட்டி எழுவார்கள். மெதுவாகத்தானே இருக்கிறது என்று நானும் கையை விரித்தேன். முழங்காலைத் தரையில் தட்டும்வரை சரியாகத்தான் போயிற்று. எழுவதுதான் நடக்கவில்லை. தவில்காரர் எனக்காக அந்த அடியையே மறுபடி மறுபடி வாசித்துப் பார்த்தார். கடைசியில் மாப்பிள்ளையும் இமாமும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

பிற்பகலில், முழங்காலில் ஒலிவ எண்ணெய் தேய்த்துக்கொண்டு அத்திமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். இஸ்மாயில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அதுவரை பார்த்த முகமாக இல்லை.

“நாளைக் காலைத் தட்டு ஆயிஷா வீட்டு முறை” என்றான். “தனிக்கட்டை. இல்லாதவள். வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னோம். விருந்தாளி ஹிந்துஸ்தான்காரன், நான்தான் கொண்டுவருவேன் என்கிறாள்.”

அவளுடைய ஒரே மகன் ஹசன், இஸ்மாயிலின் கூட்டாளி. இருவரும் ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போய், ஒன்றாகச் சிறைப்பட்டு, ஒரே கப்பலில் பர்மாவுக்குப் போனவர்கள். முதல் மழைக்காலத்திலேயே முகாமில் காய்ச்சல் கண்டது. இருவருக்கும் வந்தது. இஸ்மாயில் நினைவு தெளிந்து எழுந்தபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அடக்கம் செய்தாயிற்று என்றார்கள். எங்கே என்று காட்ட ஆளில்லை. ஊருக்குத் திரும்பி வந்து சொன்னதும் ஆயிஷா ஒரே கேள்விதான் கேட்டாளாம்: “நீ பார்த்தாயா?” அவன் பார்க்கவில்லை. அப்படியானால் சாகவில்லை என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஊர்வழியாகப் போகும் ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரிக்கிறாள்.

“உன்னையும் கேட்பாள். அவனை அடக்கிய கபரைப் பார்த்தேன் என்று சொல்லிவிடு. அவளுக்கு ஒரு முடிவு வேண்டும்.”

“நான் பர்மாவுக்குப் போனதே இல்லையே.”

“அவளுக்கு எது பர்மா, எது உன் ஊர் என்று தெரியாது. ஒரு வார்த்தைதானே?”

சரி என்றேன். பார்க்காத துருக்கியைப் பற்றிக் கோட்டாற்றில் வருஷக்கணக்காகப் பேசினவன் நான். பார்க்காத ஒரு கபரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதா பெரிய காரியம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். குள்ளமான, எலும்பாக மெலிந்த உருவம். ஆண்கள் இருக்கும் அறைக்குள் பெண்கள் வருவதில்லை; அவள் யாரிடமும் கேட்காமல் உள்ளே வந்து தட்டை என் முன்னால் வைத்துவிட்டு வாசலோரம் உட்கார்ந்தாள். பொரித்த கத்திரிக்காயும் தயிரும் சூடான ரொட்டியும். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசவில்லை. நூரியும் இமாமும் இன்னும் சிலரும் இருந்தார்கள்.

கைகழுவ அவளே தண்ணீர் ஊற்றினாள். பிறகு கேட்டாள். இஸ்மாயில் ஹிந்துஸ்தானியில் எனக்குச் சொன்னான்.

“உங்கள் தேசத்தில் குளிருமா?”

“இல்லை. குளிர் கிடையாது.”

“நல்லது. ஹசனுக்குக் குளிர் ஆகாது” என்றாள். “அவனைப் பார்த்தாயா? இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கும்.”

இஸ்மாயில் அதை மொழிபெயர்த்துவிட்டு, முகம் மாறாமல், “சொல்லு” என்றும் சேர்த்துக்கொண்டான்.

பொய் தயாராகத்தான் இருந்தது. வாயையும் திறந்தேன். அவள் இஸ்மாயிலைப் பார்க்கவில்லை. என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரியாத பாஷையில் பேசுகிறவனின் வாயிலிருந்து வரப்போவதை, மொழிபெயர்க்கும் முன்பே பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். தயாராக வைத்திருந்ததை விழுங்கிவிட்டேன்.

“பார்க்கவில்லை தாயே” என்றேன். “அவன் இருந்த ஊருக்கே நான் போனதில்லை. என் ஊரிலிருந்து இன்னொரு கடல் தாண்டிப் போகவேண்டும்.”

இஸ்மாயில் அதை மொழிபெயர்க்கவில்லை. என்னை வெட்டிவிடுவதுபோலப் பார்த்தான். அவள் அவன் தோளைத் தட்டி, “என்ன சொன்னானோ அதை அப்படியே சொல்” என்றாள். சொன்னான்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“இத்தனை வருஷத்தில் பார்க்கவில்லை என்று சொன்னவன் நீ ஒருத்தன்தான்” என்றாள். “ஈயம் பூச வந்தவன், ஹசன் கடை வைத்திருக்கிறான் என்றான். ஒட்டகக்காரன், கல்யாணம் ஆகிவிட்டது, இரண்டு பிள்ளைகள் என்றான். இன்னொருத்தன் கபரைப் பார்த்தேன் என்றான். பக்கத்தில் என்ன மரம் என்று கேட்டேன். ஒலிவ மரம் என்றான். அந்த நாட்டில் ஒலிவமே கிடையாது என்று இவன்தான் முன்பு என்னிடம் சொல்லியிருந்தான்.” இஸ்மாயிலைக் காட்டினாள். “அவனைச் சொல்லவைத்ததும் இவன்தான். எனக்குத் தெரியும்.”

இஸ்மாயில் தன்னைப் பற்றியே அதை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஒன்றும் விடாமல் சொன்னான். சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கவேயில்லை.

“தெரியாததைச் சொல்லாதே. தெரிந்ததைச் சொல்” என்றாள் என்னிடம். “உங்கள் ஊரில் ஊர்பேர் தெரியாத ஒருத்தன் வந்து செத்துப்போனால் அவனைக் குளிப்பாட்டுவது யார்?”

அது எனக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் வடக்கேயிருந்து கம்பளி விற்க வந்த ஒருவன், எங்கள் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சத்திரத்தில் காய்ச்சலாகப் படுத்து இறந்துபோனான். அவன் பாஷை யாருக்கும் தெரியாது, பெயரும் தெரியாது. அதை அவளுக்குச் சொன்னேன். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் எங்கள் ஜமாத்தார் அவனைக் குளிப்பாட்டினார்கள். கற்பூரம் வைத்துப் புதுத் துணியில் பொதிந்தார்கள். பிணம் வைத்த சந்தூக்கு தெருவழியாகப் போனபோது கடைக்காரர்கள் இறங்கிவந்து ஆளுக்குக் கொஞ்சதூரம் தோள்கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன், நான் உயரம் குறைவு, என் பக்கம் சரிகிறது என்று பின்னால் வந்தவர் என்னை மாற்றிவிட்டார். கபரில் நானும் மூன்று கை மண் அள்ளிப் போட்டேன்.

“அழுதது யார்?” என்று கேட்டாள்.

இதையும் மறைக்க வேண்டியதில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தால் கதீஜா அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். யாரென்றே தெரியாதவனுக்கு எதுக்குட்டி அழுகே என்று கேட்டேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அவனப் பெத்தவளுக்கு இன்னும் தெரியாதுல்லா. அவளுக்குப் பதிலாக்கும் நான் அழுகேன்.”

அதை ஹிந்துஸ்தானியில் சொன்னேன். இஸ்மாயில் துருக்கிப் பாஷையில் தொடங்கி, நிறுத்தி, மறுபடியும் தொடங்கினான். மீதியை இமாமின் காதில் சொல்ல, அவர்தான் ஆயிஷாவுக்குச் சொல்லி முடித்தார்.

“பர்மாவிலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள்” என்றேன். “நான் பார்க்கவில்லை. ஆனால் அவர்களை எனக்குத் தெரியும்.”

அவள் அழவில்லை. “உன் மனைவி பெயர் என்ன?”

“கதீஜா.”

அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். பிறகு என் வலது கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, தன் உதட்டில் வைத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அந்த ஊரில் இளையவர்கள்தான் பெரியவர்களுக்கு அப்படிச் செய்வார்கள். நான் பதறிக் கையை இழுத்தேன், விடவில்லை. எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று, “இஸ்மாயில், எனக்கு விறகு வேண்டும். பெரிய சட்டியும் வேண்டும்” என்றாள்.

நூரி எஃபெந்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகுதான் எனக்கு விளக்கினார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த ஊரில் மாவை வெண்ணெயில் வறுத்து அல்வா கிண்டுவார்கள். வறுபடும் வாசனை ஊரெல்லாம் பரவும். அதுவே எல்லாருக்கும் செய்தி. ஹசனுக்காக அந்த அல்வாவை அவள் இதுவரை கிண்டவிட்டதில்லை. ஒருமுறை இஸ்மாயிலின் தாயார் கிண்டத் தொடங்கியபோது வந்து சட்டியைத் தெருவில் கவிழ்த்துவிட்டாளாம்.

அவள் வீட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். மாவு சிவக்கச் சிவக்க, அத்திப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். கல்யாண வீட்டிலிருந்து மணப்பெண்ணும் வந்தாள். இமாம் ஓதினார். ஒவ்வொருவராக மரக்கரண்டியை வாங்கிக் கொஞ்ச நேரம் கிண்டி, ஹசன் பெயர் சொல்லித் துஆ செய்து, அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். இஸ்மாயில் கரண்டியை வெகுநேரம் கொடுக்கவேயில்லை. அழுதுகொண்டே கிண்டினான்.

என் முறை வந்தது. மிளகு மூட்டை தவிர எதையும் கிளறிப் பழக்கமில்லாதவன். மேலாகத் துழாவினேன். ஆயிஷா என் மணிக்கட்டைப் பிடித்து, “அடியைத் தொட்டுக் கிண்டு, கருகிவிடும்” என்று அதட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அல்வா திரண்டதும் ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கிண்ணத்தில் போட்டு அனுப்பினாள். முதல் கிண்ணம் இஸ்மாயிலின் தாயாருக்கு. எனக்கும் ஒன்று கொடுத்து, ஆறுவதற்குள் தின்னச் சொன்னாள். கடைசியில் சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததில் கொஞ்சம் வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு மெல்ல மென்றாள். முகம் சுளித்து ஏதோ சொன்னாள்.

“இனிப்புப் போதாது என்கிறாள்” என்றான் இஸ்மாயில். “ஹசனுக்கு இனிப்பு ரொம்பப் பிடிக்கும்...” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்தான். “இல்லை. பிடிக்கும் என்று சொல்லவில்லை. பிடித்திருந்தது என்கிறாள்.”

பிறகு எழுந்து, சட்டியில் மிஞ்சியதற்குச் சர்க்கரை எடுத்துவர உள்ளே போனான்.